புற ஊதாக் கதிரால் அறைக் காற்றில் கிருமி நீக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

புற ஊதா விளக்கு பொருத்திய இடங்களைச் சோதிக்கப் போகும்போது பையில் ஒரு கண்ணாடித் துண்டு வைத்திருப்பேன். ஜன்னலுக்குப் போடும் சாதாரணக் கண்ணாடிதான். எரியும் விளக்குக்கும் கதிரை அளக்கும் மீட்டரின் சென்சாருக்கும் நடுவில் அதைப் பிடித்தால், கண்ணுக்குத் தெரியும் நீல வெளிச்சம் அப்படியே இருக்கும். மீட்டரில் எண் மட்டும் சட்டென்று பூஜ்ஜியத்துக்கு இறங்கிவிடும். கிருமியைக் கொல்லும் கதிர் கண்ணாடியைத் தாண்டாது, கண்ணுக்கும் தெரியாது. நாம் பார்க்கும் நீலம், அந்தக் கதிரோடு ஒட்டிக்கொண்டு வரும் உபரி வெளிச்சம்.

இது புரியாததால்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். நீலமாக எரிகிறது, அப்படியென்றால் வேலை செய்கிறது என்று நினைப்பது ஒன்று. வெளிச்சம் மங்கலாகத்தானே இருக்கிறது, பார்த்தால் என்ன என்று நினைப்பது இன்னொன்று. முதல் தவறில் பணம் போகும். இரண்டாவதில் கண் போகப் பார்க்கும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். விளக்கு காற்றைத் தேடிப் போகாது. காற்றைத்தான் விளக்கிடம் கொண்டுபோக வேண்டும். அதே சமயம் ஆட்களை விளக்கிடமிருந்து தள்ளி வைக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டில் ஒன்றுக்காகத்தான்.

கதிர் என்ன செய்கிறது

புற ஊதாவை மூன்றாகப் பிரிப்பார்கள். 315 முதல் 400 நானோமீட்டர் வரை யூவி-ஏ, 280 முதல் 315 வரை யூவி-பி, 100 முதல் 280 வரை யூவி-சி. நமக்கு வேண்டியது யூவி-சி. கிருமியின் டிஎன்ஏ 260 நானோமீட்டர் அருகில்தான் கதிரை மிக அதிகமாக உறிஞ்சுகிறது. உறிஞ்சியதும் டிஎன்ஏவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் தைமின் என்ற மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். அதன் பிறகு டிஎன்ஏவைச் சரியாக நகலெடுக்க முடியாது, கிருமி பெருகாது. குறைந்த அழுத்தப் பாதரச விளக்கு 253.7 நானோமீட்டரில் கதிரைக் கொட்டுகிறது. வேண்டிய இடத்துக்கு இவ்வளவு நெருக்கமாக அது அமைந்தது நமக்கு அதிர்ஷ்டம்தான்.

பூச்சி பிடிக்கும் நீல விளக்கும் ரூபாய் நோட்டுச் சோதனை விளக்கும் யூவி-ஏ வகை. அவற்றை வாங்கி மாட்டி அறை சுத்தமாகிவிட்டது என்று இருக்காதீர்கள்.

எல்லாக் கிருமியும் ஒரே மாதிரி சாவதில்லை. காசநோய்க் கிருமி போன்ற பாக்டீரியாக்களும் பல வைரஸ்களும் எளிதில் செயலிழக்கும். பாக்டீரியாவின் வித்துகளும் பூஞ்சை வித்துகளும் பல மடங்கு தாக்குப்பிடிக்கும். தூசி, புகை, நாற்றம், கரியமில வாயு எதையும் இந்த விளக்கு தொடக்கூடத் தொடாது.

இது புதிதல்ல

வெயில் பட்டால் பாக்டீரியா வளராது என்று டவுன்ஸ், பிளன்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1877இலேயே காட்டினார்கள். தோல் காசநோய்க்கு ஒளி சிகிச்சை கண்ட மருத்துவர் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903இல் நோபல் பரிசு கிடைத்தது. காற்றுக்கு இதைக் கொண்டுவந்தவர் அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் வெல்ஸ். இருமும்போது தெறிக்கும் துளிகளில் சிறியவை காய்ந்து நுண்துகளாகி நெடுநேரம் மிதக்கும் என்று 1930களில் சொன்னவரும் அவரே. பிலடெல்பியா பகுதிப் பள்ளிகளில் வகுப்பறையின் மேற்பகுதியில் விளக்குகள் பொருத்தினார். 1941இல் தட்டம்மை பரவியபோது அந்த வகுப்புகளில் தொற்று வெகுவாகக் குறைந்திருந்தது.

பிறகு வேறு பள்ளிகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. காரணங்களில் ஒன்று பள்ளிப் பேருந்து. வகுப்பில் பாதுகாப்பாக இருந்த பிள்ளைகள் பேருந்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து ஒருவருக்கொருவர் நோயைக் கொடுத்துக்கொண்டார்கள். விளக்கு இருக்கும் அறைக்கு மட்டும்தான் விளக்கு பொறுப்பு.

வெல்ஸின் மாணவர் ரிச்சர்ட் ரைலி பால்டிமோரில் காசநோய் வார்டுக் காற்றைக் குழாய் வழியாகக் கினிப்பன்றிகளின் கூண்டுக்கு அனுப்பினார். சும்மா வந்த காற்றைச் சுவாசித்தவற்றுக்குத் தொற்று வந்தது. யூவி விளக்கைக் கடந்து வந்த காற்றைச் சுவாசித்தவற்றுக்கு வரவில்லை. 2009இல் வெளியான, பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனை ஆய்விலும் கினிப்பன்றிகள்தான். வார்டில் விளக்கு எரியாத நாட்களின் காற்றைச் சுவாசித்தவற்றில் 35 சதவீதத்துக்குத் தொற்று. விளக்கு எரிந்த நாட்களின் காற்றைச் சுவாசித்தவற்றில் 9.5 சதவீதம்.

முதல் படி: உங்கள் அறைக்கு இது தேவையா?

ஒரு மணி நேரத்தில் அறையின் கொள்ளளவுக்குச் சமமான புதுக் காற்று எத்தனை தடவை வருகிறது என்பதைக் காற்று மாற்றம் என்பார்கள். ஒரு தடவை வந்தால் பழைய காற்று முழுவதும் வெளியேறிவிடும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. புதியதும் பழையதும் கலந்தபடியே வெளியேறுவதால் ஒரு மணி நேரத்தில் 63 சதவீதம்தான் போகும். மணிக்கு 6 மாற்றம் இருந்தால் கிருமிகளில் 99 சதவீதம் நீங்க 46 நிமிடம். 12 மாற்றம் என்றால் 23 நிமிடம்.

ஜன்னலைத் திறந்தே 12 கிடைக்கிறது என்றால் விளக்கைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஜன்னலுக்கு டியூப் மாற்ற வேண்டியதில்லை. ஆட்கள் நிறைய வந்துபோகும், ஜன்னலைத் திறக்க முடியாத, ஏசி அறைக் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றும் இடம்தான் யூவிக்குப் பொருத்தம். காத்திருப்பு அறை, வார்டு, தங்குமிடம், வகுப்பறை இப்படி. நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அங்கே நல்ல ஃபில்டர் வைத்த காற்றுச் சுத்திகரிப்பானும் திறந்த ஜன்னலும் போதும். யார் கண்ணும் கெடாது.

இரண்டாம் படி: எந்த முறை?

*மேல் அறை முறை.* விளக்கைச் சுவரில் உயரமாகப் பொருத்தி, கதிர் மட்டமாக உத்தரத்துக்கு (சீலிங்குக்கு) ஒட்டிக் கீழே மட்டும் பரவும்படி தட்டுகள் வைத்த கூடு. ஆட்கள் கீழே உட்கார்ந்திருக்கலாம், விளக்கு மேலே எரிந்துகொண்டே இருக்கலாம். இருமுகிறவர் இருமும்போதே காற்று சுத்தமாகிக்கொண்டிருக்கும். என் கணக்கில் இதுவே முதல் தேர்வு.

*டக்ட் முறை.* ஏசியின் காற்றுக் குழாய்க்குள் விளக்கு. ஆள் படாது என்பது வசதி. ஆனால் காற்று பறந்துகொண்டு போகும். விநாடிக்கு 2.5 மீட்டர் வேகம், விளக்கு வெளிச்சம் படும் நீளம் அரை மீட்டர் என்றால் கிருமி கதிரில் இருப்பது 0.2 விநாடிதான். அந்தக் கண நேரத்துக்குள் வேலை முடிய வேண்டும் என்றால் விளக்கு மிக வலுவாக இருக்க வேண்டும். ஏசியின் காயிலில் பூஞ்சை படியாமலிருக்க வைக்கும் சின்ன விளக்கு வேறு. அதைக் காட்டி 'காற்றும் சுத்தமாகும்' என்று விற்றால் நம்ப வேண்டாம்.

*பெட்டி முறை.* ஃபேனும் விளக்கும் ஒரே பெட்டிக்குள். இங்கே பார்க்க வேண்டியது, மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்று தருகிறது என்பதை மட்டும். 90 கன மீட்டர் அறைக்கு 200 கன மீட்டர் தரும் பெட்டி வைத்தால் மணிக்கு 2.2 மாற்றத்துக்குச் சமம். அவ்வளவுதான்.

*திறந்த விளக்கு.* ஆளில்லாத அறையில் டியூபை நேரடியாக எரிப்பது. கதவு திறந்தால் தானாக அணையும் ஏற்பாடு இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. ஆட்கள் திரும்பி வந்த முதல் இருமலோடு இதன் பலன் முடிந்துவிடும் என்பதால் காற்றுக்கு இது சரியான வழியும் அல்ல.

*222 நானோமீட்டர்.* கிரிப்டான் குளோரைடு விளக்கு. தோலின் மேலடுக்குக்கும் கண்ணின் மேற்பரப்புக்கும் கீழே அதிகம் ஊடுருவாததால், ஆட்கள் இருக்கும்போதே நேராக அடிக்கலாம் என்கிறார்கள். ஆனால் நீண்ட அலைநீளங்களை வடிகட்டும் ஃபில்டர் விளக்கிலேயே இருக்க வேண்டும். இது ஓசோனும் உண்டாக்கும். காற்றோட்டம் இல்லாத சின்ன அறையில் அது சேரும். இதை யோசிக்க வேண்டிய இடம், உத்தரம் தாழ்வாக இருந்து மேல் அறை முறைக்கு வழியே இல்லாத அறைதான்.

மூன்றாம் படி: எவ்வளவு கதிர் வேண்டும்?

டியூபின் மேல் 30 வாட் என்று இருக்கும். அது மின்சாரக் கணக்கு. அதில் சுமார் 11 வாட்தான் யூவி-சியாக வெளியே வரும். மேல் அறை முறைக் கூட்டின் தட்டுகள் அதிலும் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதனால் கேட்க வேண்டிய கேள்வி: கூட்டுக்கு வெளியே எத்தனை வாட் யூவி-சி வருகிறது?

தென்னாப்பிரிக்காவில் காசநோய் வார்டில் நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. அறையின் ஒவ்வொரு கன மீட்டருக்கும் 15 முதல் 20 மில்லிவாட் கூட்டிலிருந்து வெளிவர வேண்டும் என்கிறது அது. 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறையை எடுத்துக்கொள்வோம். 90 கன மீட்டர். ஆக 1.35 முதல் 1.8 வாட் வேண்டும். ஒரு கூடு 0.6 வாட் தந்தால் மூன்று கூடுகள். இந்த எண்ணைச் சொல்லத் தெரியாத விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

ஈரப்பதமும் கணக்கில் வரும். 60 சதவீதத்துக்கு மேல் போகப்போக 254 நானோமீட்டர் கதிரின் பலன் குறையும். ஈரமான ஊர், ஏசி இல்லாத அறை என்றால் மேல் வரம்புக்கே திட்டமிடுங்கள்.

நான்காம் படி: எங்கே, எந்த உயரத்தில்?

உத்தரம் குறைந்தது 2.4 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். கூட்டின் அடிப்பகுதி தரையிலிருந்து 2.1 மீட்டருக்குக் கீழே வரக் கூடாது. நிமிர்ந்து நின்றால்கூட முகம் கதிருக்குள் போகாது என்பதுதான் கணக்கு. அடுக்குக் கட்டில், பரண், அறைக்குள்ளேயே ஏறும் மாடிப்படி இருந்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். மேல் கட்டிலில் படுத்திருப்பவர் கதிருக்குள்ளேயே படுத்திருப்பார்.

அடுத்தது எதிரொளிப்பு. இங்கே கண்ணை நம்பக் கூடாது. பளிச்சென்ற வெள்ளைச் சுவர் யூவி-சியை எதிரொளிக்கும் என்று தோன்றும். ஆனால் பெயின்ட்டில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடு அதைப் பெரும்பாலும் உறிஞ்சிவிடும். ஆபத்து அலுமினியத்தில் இருக்கிறது. டக்ட்டைச் சுற்றிய அலுமினியத் தாள், பளபளப்பான ஃபேன் இறக்கை, எக்ஸாஸ்ட் சட்டம் எல்லாம் கதிரைக் கீழே திருப்பிவிடும்.

ஒரு காத்திருப்பு அறையில் வரவேற்பு மேசைப் பெண்ணுக்கு மட்டும் தினமும் ராத்திரி கண் எரிந்தது. கம்ப்யூட்டரைப் பார்ப்பதால்தான் என்று எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். அறை முழுக்க மீட்டரில் சதுர சென்டிமீட்டருக்கு 0.1 மைக்ரோவாட்டுக்குக் கீழேதான் காட்டியது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து சென்சாரை மேலே திருப்பினேன்: 1.4. தலையை நிமிர்த்திப் பார்த்தால் விளக்குக்கு எதிரே புதிதாக மாட்டிய அலுமினிய எக்ஸாஸ்ட் சட்டம். மங்கலான கறுப்பு பெயின்ட் ஒரு கோட் அடித்ததும் 0.1க்குக் கீழே இறங்கியது. விளக்கு பொருத்திய பிறகு சட்டம் மாட்டினவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

செடிகள், பிளாஸ்டிக், ரப்பர் எல்லாவற்றையும் கதிர்ப் பாதையிலிருந்து எடுத்துவிடுங்கள். இலை கருகும், பிளாஸ்டிக் மஞ்சளாகி நொறுங்கும்.

ஐந்தாம் படி: காற்றைக் கிளப்புவது

பலரும் மறக்கும் படி இது. மேலே எவ்வளவு கதிர் இருந்தாலும், கீழே மூச்சு விடும் உயரத்தில் இருக்கும் காற்று மேலே போகாவிட்டால் என்ன பயன்? உடல் சூட்டால் காற்று கொஞ்சம் தானாக எழும்பும். அது போதாது. சீலிங் ஃபேனை மெதுவான வேகத்தில் எப்போதும் ஓடவிடுங்கள். மேல் நோக்கிச் சுழன்றாலும் கீழ் நோக்கிச் சுழன்றாலும் சரி, கலக்கல் நடந்தால் போதும்.

குளிர்காலத்தில் சூடான காற்றை உத்தரத்திலிருந்து விடும் அறைகளில் கவனம் தேவை. சூட்டுக் காற்று மேலேயே தங்கிவிடும். சுத்தமான காற்று மேலே, அழுக்குக் காற்று கீழே என்று இரண்டும் பிரிந்து நிற்கும். ஒரு ஊதுவத்தியைப் பற்றவைத்து உட்காரும் உயரத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் புகை உத்தரம் வரை போய்ச் சுற்றித் திரும்ப வேண்டும். ஒரே இடத்தில் பாய் விரித்தாற்போல் படிந்து நின்றால் ஃபேன் போதவில்லை.

ஆறாம் படி: அளந்து பார்ப்பது

அளக்காமல் விளக்கை எரிய விடாதீர்கள். 254 நானோமீட்டருக்கு அளவுதிருத்தம் செய்த ரேடியோமீட்டர் வேண்டும். போன் ஆப் எதுவும் உதவாது.

8 மணி நேரத்துக்குக் கண்ணும் தோலும் தாங்கும் வரம்பு சதுர சென்டிமீட்டருக்கு 6 மில்லிஜூல். கணக்கு சுலபம். 6000ஐ மீட்டர் காட்டும் மைக்ரோவாட்டால் வகுத்தால், எத்தனை விநாடி அங்கே இருக்கலாம் என்று வரும். 0.2 காட்டினால் 30,000 விநாடி, அதாவது எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். 0.4 என்றால் நாலு மணி நேரம். அந்த வரவேற்பு நாற்காலியின் 1.4க்கு 71 நிமிடம். மூடாத 30 வாட் டியூபிலிருந்து ஒரு மீட்டரில் சுமார் 100 மைக்ரோவாட் வரும். அங்கே ஒரே நிமிடம்.

நிற்கும் கண் மட்டத்துக்கு 1.7 மீட்டரிலும், உட்காரும் இடங்களில் உட்கார்ந்த கண் மட்டத்திலும், சென்சாரை விளக்கின் பக்கமும் பளபளப்பான பொருட்களின் பக்கமும் திருப்பி அளவெடுங்கள். எல்லாவற்றையும் அறையின் வரைபடத்தில் எழுதி வையுங்கள். பெஞ்ச் இடம் மாறினால், புதுசாக எதையாவது மாட்டினால் மறுபடியும் அளக்க வேண்டும். அப்புறம், மேல் பகுதியையும் அளவெடுங்கள். அங்கே சராசரியாக 30 முதல் 50 மைக்ரோவாட் வேண்டும். கீழே குறைவாக இருப்பது மட்டும் வெற்றி என்றால், அணைத்த விளக்கும் வெற்றிதான்.

ஏழாம் படி: சுவிட்சும் ஆட்களும்

யூவி விளக்குக்கென்று தனி சுவிட்ச், அதற்கொரு பூட்டு, மேலே எழுத்தில் எச்சரிக்கை. அறையின் சாதாரண விளக்கு சுவிட்ச் பக்கத்திலேயே வைத்தால் யாராவது ஒருநாள் மாற்றிப் போடுவார்கள். ஆபத்து கீழே உட்கார்ந்திருப்பவருக்குக் குறைவு. ஏணி போட்டு ஏறும் எலக்ட்ரீஷியனுக்கும் பெயின்டருக்கும் ஒட்டடை அடிப்பவருக்கும்தான் அதிகம்.

நானே இதில் சிக்கியிருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் டியூப் மாற்றிவிட்டு, எரிகிறதா என்று முகத்துக்கு நேரே பார்த்தேன், கொஞ்ச நேரம்தான். அப்போது ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு இரண்டு கண்ணிலும் மணலைக் கொட்டினாற்போல் இருந்தது. கண்ணீர் நிற்கவில்லை, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. பட்டுப் பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும் என்பது இதன் சூழ்ச்சி. பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். ஆனாலும் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், தேய்க்காதீர்கள். பாலிகார்பனேட் முகக் கவசம், முழுக்கைச் சட்டை, கையுறை இல்லாமல் எரியும் டியூபின் அருகில் போகவே வேண்டாம்.

கையில் பிடித்து ஆட்டும் யூவி குச்சிகளை நான் பெட்டிக்கு வெளியேகூட எடுப்பதில்லை. கைக்கோ தோலுக்கோ யூவி விளக்கைக் காட்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2020இலேயே சொல்லிவிட்டது.

எரியும் விளக்கில் காரமான நெடி வந்தால் அது ஓசோன். 185 நானோமீட்டர் கதிரைத் தடுக்காத குவார்ட்ஸ் டியூபில் வரும். ஆட்கள் இருக்கும் அறையில் அந்த வகை கூடாது. 'ஓசோனும் சேர்ந்து வரும்' என்று பெருமையாக எழுதியிருந்தால் பெட்டியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எட்டாம் படி: பராமரிப்பு

டியூபின் ஆயுள் பொதுவாக 9,000 மணி நேரம். இடைவிடாமல் எரித்தால் ஒரு வருடம். அதற்குப் பிறகும் நீலமாக எரியும், யூவி-சி குறைந்திருக்கும். மாற்றும் நாளில் டியூபின் முனையில் மார்க்கரால் தேதி எழுதுங்கள். அடிக்கடி அணைத்துப் போட்டாலும் ஆயுள் குறையும்.

தூசி படிந்தால் கதிர் வராது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது, புழுதி அதிகமான இடத்தில் மாதம் ஒருமுறை, மின்சாரத்தை நிறுத்தி, டியூப் ஆறிய பிறகு, நூல் உதிராத துணியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். சோப்புத் தண்ணீர் வேண்டாம். வெறும் விரல் பட்டால் அந்த எண்ணெய்த் தடம் சூட்டில் டியூபோடு ஒட்டிக்கொள்ளும். துடைத்து முடித்ததும் ஒருமுறை அளந்து, பழைய எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

டியூபுக்குள் கொஞ்சம் பாதரசம் உண்டு. உடைந்தால் ஆட்களை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, ஏசியை நிறுத்துங்கள். துடைப்பமும் வாக்குவம் கிளீனரும் பாதரசத்தை இன்னும் பரப்பும். கையுறை போட்டுக்கொண்டு துண்டுகளை அட்டையால் அள்ளி, மிச்சத்தை ஒட்டும் டேப்பால் எடுத்து, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். ஆயுள் முடிந்த டியூபையும் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. பாதரசக் கழிவு வாங்குமிடத்தில் கொடுக்கும் வரை புது டியூப் வந்த அட்டை உறையிலேயே செருகி வைக்கலாம்.